தாமதத்தின் சுமை யாருக்கு? உயர்கல்விக் கட்டண உதவியும் மாணவர் உரிமையும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘ஸ்காலர்ஷிப்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் அரசு உதவிகள் உண்மையில் மூன்று வேறுபட்ட வகைகளைச் சேர்ந்தவை. அவற்றைப் பிரித்தறியாமல் விண்ணப்பிக்கும் மாணவர், தமக்குரிய தொகை எந்த மேசையில் நிற்கிறது, அதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்பது தெரியாமலே ஓராண்டைக் கழித்துவிடுகிறார். முதல் வகை கட்டணச் சலுகை; இதில் கல்லூரி மாணவரிடம் அந்தத் தொகையைக் கேட்பதே இல்லை, அரசிடமிருந்து பின்னர் பெற்றுக்கொள்கிறது. இரண்டாவது வகை கட்டண ஈடு. இதில் கல்லூரிக்குச் சேர வேண்டிய கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டாலும், பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வந்து, அங்கிருந்து கல்லூரிக்குப் போகிறது. மூன்றாவது வகை உதவித்தொகை. இது கட்டணத்தோடு தொடர்பில்லாமல் மாணவரின் செலவுக்காகவே தரப்படுவது. புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் மாணவியருக்கும், தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதல் மாணவருக்கும் வழங்கப்படும் மாதம் 1,000 ரூபாய் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. வேறு கல்வி உதவி பெறுபவர்களும் இதனைக் கூடுதலாகப் பெறலாம்.

வகை எதுவாக இருந்தாலும், வகுப்பு தொடங்கும் நாளுக்கும் அரசின் பணம் வந்து சேரும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அது சில வேளைகளில் மாதக்கணக்கில் நீளுகிறது. பட்டியல் சாதி மாணவருக்கான மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் 2012 முதல் 2017 வரை தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் நடைபெற்ற விதத்தை ஆய்ந்து இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2018-இல் அளித்த அறிக்கையிலும் இத்தாமதம் குறையாகச் சுட்டப்பட்டது. திட்டங்களின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால், இந்த இடைவெளி அரசுக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இடையே தீர்க்கப்பட வேண்டிய கணக்கு என்பது தெளிவு. ஆனால் நடைமுறையில் அது மாணவரின் தலையில் ஏற்றப்படுகிறது. ‘பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம், இப்போது முழுக் கட்டணத்தையும் கட்டுங்கள்’ என்று கல்லூரி அலுவலகம் சொல்லும்போது, குடும்பம் நகையை அடகு வைக்கிறது அல்லது வட்டிக்கு வாங்குகிறது. எந்த அரசாணையிலும் இடம்பெறாத அந்த வட்டியே இத்திட்டங்களின் மறைமுக விலை.

சாதியையோ வருமானத்தையோ கணக்கில் கொள்ளாத சலுகை ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. 2010–11 கல்வியாண்டில் தொடங்கப்பட்ட முதல் பட்டதாரிச் சலுகை, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வரும் மாணவர், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் மூலம் தொழிற்கல்வி இடம் பெறும்போது அவருடைய கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்க வழிசெய்கிறது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் இது ஆண்டுக்கு 25,000 ரூபாயாக இருந்து வருகிறது. முதல் பட்டதாரி என்பது தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகிய எவரும் பட்டம் பெறாத குடும்பத்திலிருந்து வருபவரைக் குறிக்கும். இதற்கான சான்றிதழை வருவாய்த் துறை வழங்குகிறது, விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதிவு செய்யலாம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே இச்சலுகை கிட்டும் என்பதால், அக்காவும் தம்பியும் அடுத்தடுத்த ஆண்டுகளில் கல்லூரிக்குப் போகும் வீடுகளில், கட்டணம் அதிகமுள்ள படிப்புக்கு அதனைப் பயன்படுத்துவது குறித்துக் குடும்பம் முன்கூட்டியே பேசி முடிவெடுப்பது நல்லது. இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. இச்சலுகை கலந்தாய்வு இடத்தோடு பிணைந்தது. அதே கல்லூரியில், அதே பாடப்பிரிவில், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவர் அதனை இழக்கிறார். ‘கலந்தாய்வுக்குக் காத்திருக்க வேண்டாம், இப்போதே இடம் உறுதி, ஸ்காலர்ஷிப்பும் வாங்கித் தருகிறோம்’ என்று சொல்லி மாணவரை அழைத்துச் செல்லும் முகவர்களின் பேச்சில், இந்த ஒரு விவரம் மட்டும் எப்போதும் விடுபட்டுவிடுகிறது.

அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு இன்னும் விரிவான பாதுகாப்பைத் தருகிறது. மருத்துவப் படிப்புகளுக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கு 2021-இலும் சட்டமாக்கப்பட்ட இந்த ஒதுக்கீட்டில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, பின்னர் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் இடம் கோரலாம். 2021 செப்டம்பரில் இவ்வொதுக்கீட்டில் தொழிற்கல்வி பயில வருவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே இவ்வாறு சேர்ந்த மாணவரிடம் இவற்றுக்கான பணம் கேட்கப்படுமானால், அது கடனாகவோ முன்பணமாகவோ எந்தப் பெயரில் வந்தாலும், எழுத்தில் கேட்குமாறு கோருவதே முதல் தற்காப்பு. எழுத்தில் தரத் தயங்கும் கோரிக்கை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களுக்கு மூன்றாண்டு இளநிலைப் பட்டப்படிப்பில் நிபந்தனையின்றியும், முதுநிலை, தொழிற்படிப்பு, பாலிடெக்னிக் ஆகியவற்றில் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோதும் உதவி வழங்கப்படுகிறது.

இவை அனைத்திலும் நீண்ட வரலாறும் கூடுதல் சிக்கலும் உடையது மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை. மெட்ரிக் பிந்தைய என்பது பத்தாம் வகுப்புக்குப் பிறகான எல்லாப் படிப்புகளையும் குறிக்கும். அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-இல் தொடங்கிய இத்திட்டம், இன்று ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மிகாத பட்டியல் சாதிக் குடும்பத்து மாணவரின் திரும்பப் பெற இயலாத கட்டாயக் கட்டணங்களையும், அவற்றோடு ஒரு பராமரிப்புப் படியையும் தருகிறது. பட்டியல் பழங்குடியினருக்கும் இதற்கிணையான திட்டம் உண்டு. திரும்பப் பெற இயலாத கட்டணம் என்பது, படிப்பு முடிந்தபின் திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை போன்றவற்றை நீக்கி, கல்விக்காக நிறுவனம் நிலையாக எடுத்துக்கொள்ளும் தொகையைக் குறிக்கும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்துவத்துக்கு மாறிய ஆதிதிராவிடரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பதால் ஒன்றிய அரசின் திட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. அந்தக் குறையைத் தமிழ்நாடு அரசு தன் சொந்த நிதியால் ஈடுசெய்கிறது. 11.9.2012 நாளிட்ட அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவ ஆதிதிராவிடர் மாணவரின் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்பதற்கான அடிப்படையாக அமைந்தது. இன்றும் மாணவர் அமைப்புகள் இதனை எண் சொல்லியே மேற்கோள் காட்டுவது வழக்கம்.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை, பட்டியல் சாதி மாணவருக்கான திட்டத்தின் நிதி அமைப்பை மாற்றியது. ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டு, அதில் 60 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கும் என வகுத்தது. வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும் இது 90-க்கு 10. இம்மாற்றத்தில் மாணவர் அறிந்திருக்க வேண்டிய உட்பொருள் ஒன்றுண்டு. மாநிலம் தன் பங்கை மாணவரின் கணக்கில் செலுத்தி, அந்த விவரத்தைத் தெரிவித்த பின்னரே ஒன்றிய அரசின் பங்கு நேரடியாக அதே கணக்குக்கு வருகிறது. எனவே ஒரே ஆண்டின் உதவி இரண்டு தவணைகளாக, இரண்டு வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு பெயரிட்ட வரவுகளாகக் கணக்கில் தோன்றும். ஒரு பகுதி வந்ததும் ‘உதவித்தொகை குறைந்துவிட்டது’ என்று கலங்குவதும், அதையே முழுத்தொகை என்று எண்ணி மீதியைக் கேட்காமல் விடுவதும் இதை அறியாமையால் நேர்பவை.

பணம் மாணவரின் கணக்குக்கே வருவது நல்ல ஏற்பாடு. முன்பு நிறுவனங்களின் வழியே போன தொகையில் போலிப் பெயர்களுக்கு இடமிருந்தது. ஆயினும் அது ஒரு புதிய பொறுப்பையும் கொண்டுவந்திருக்கிறது. கணக்கில் ஐம்பதாயிரம் ரூபாய் விழும் நாளில் வீட்டில் மருத்துவச் செலவோ பழைய கடனோ நிற்கலாம். அந்தப் பணத்தை எடுத்துப் பயன்படுத்துவது வறுமையின் இயல்பான அழுத்தம், அதனைக் குற்றமாகப் பேசுவது அறமாகாது. ஆனால் அதில் கட்டணப் பகுதி கல்லூரிக்கு உரியது, பராமரிப்புப் படி மட்டுமே மாணவருக்கு உரியது என்ற பிரிவினையை முதல் ஆண்டிலேயே பெற்றோருக்கும் விளக்கிவிட வேண்டும். செலுத்தப்படாத கட்டணம் மாணவரின் கடனாகிக் கல்லூரியின் கையில் ஒரு பிடியாக மாறுகிறது.

பணமே வராமல் போவதற்கான எளிமையான, எளிதில் தீர்க்கக்கூடிய காரணங்கள் வங்கிக் கணக்கில்தான் ஒளிந்திருக்கின்றன. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணை நம்பிப் போவதில்லை. ஆதார் எண்ணோடு தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பதிவில் எந்த வங்கி இணைக்கப்பட்டிருக்கிறதோ அங்கே போகிறது. வங்கியில் அடையாளச் சான்றாக ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, இந்தப் பதிவில் இணைப்பது வேறு. முன்னது செய்ததை வைத்துப் பின்னதும் முடிந்ததாக நினைக்கும் மாணவர் பலர். மேலும் இந்தப் பதிவில் கடைசியாக இணைக்கப்பட்ட வங்கியே செல்லுபடியாகும். கைப்பேசியில் புதிதாகத் திறந்த ஏதோ ஒரு கணக்குக்கு, விதிமுறைகளைப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்தவரின் உதவித்தொகை, அவர் மறந்துபோன அந்தக் கணக்கில் கிடக்கக்கூடும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். விண்ணப்பிக்கும் முன் ஒரு முறை, கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பிய பின் ஒரு முறை இதனைப் பார்ப்பது போதும்.

கணக்கின் வகையும் கவனத்துக்குரியது. போதிய அடையாளச் சான்றுகள் இல்லாமல் தொடங்கப்படும் சிறு கணக்கில், எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஆண்டில் மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அரசின் நல உதவி வரவுகளுக்கு இருப்பு வரம்பில் விலக்கு உண்டு என்றாலும், பெரிய கட்டணத் தொகை வரும்போது இத்தகைய கணக்கில் சிக்கல் நேரக்கூடும். சான்றுகளைக் கொடுத்து முழுமையான சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்வதே தீர்வு. இன்னொரு புறம், கல்வி உதவித்தொகைக்காகவும் அரசு உதவிகளுக்காகவும் தொடங்கப்பட்ட இருப்புத் தேவையற்ற கணக்கை, இரண்டாண்டுகள் பயன்படுத்தவில்லை என்ற காரணத்தால் செயலற்ற கணக்காக வகைப்படுத்தக் கூடாது என்று 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி நெறிமுறை கூறுகிறது. வங்கிக் கிளையில் ‘கணக்கு முடங்கிவிட்டது’ என்று திருப்பி அனுப்பப்படும் மாணவர் இதனை மேற்கோள் காட்டிக் கேட்கலாம்.

சான்றிதழ்களில் பெயர் ஒத்திருப்பது அடுத்த தடை. தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து பெயருக்கு முன்னே ஓர் ஆவணத்திலும் பின்னே இன்னோர் ஆவணத்திலும், மூன்றாவதில் விரித்தும் எழுதப்படுவது வழக்கம். கணினி இவற்றை மூன்று வேறு மனிதர்களாகக் கருதக்கூடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளவாறே ஆதாரையும் வங்கிப் பெயரையும் திருத்திக்கொள்வது பாதுகாப்பானது. சாதிச் சான்றிதழ் பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரிடமும் பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரிடமும் பெறப்படுவதாகும். பழங்குடி மாணவருக்கு இச்சான்றிதழ் கிடைப்பதில் நேரும் தாமதம் தனி நூலுக்குரிய அளவு துயரமானது. பள்ளிப் பருவத்திலேயே விண்ணப்பித்துவிடுவதைத் தவிர இப்போதைக்கு வேறு எளிய வழி இல்லை. வருமானச் சான்றிதழில் உண்மைக்கு மாறான தொகையைக் காட்டுவது வேண்டாம். பின்னாளில் கண்டறியப்பட்டால் உதவி நிறுத்தப்படுவதோடு பெற்ற தொகையும் திரும்ப வசூலிக்கப்படும்.

விண்ணப்பம் இப்போது கணினி வழியாகவே நடைபெறுகிறது. மாநிலத் திட்டங்களுக்கு யுமிஸ் எனப்படும் பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் அமைப்பில் மாணவருக்கு ஒதுக்கப்படும் எண் அடிப்படையாகிறது. ஒன்றிய அரசின் பல திட்டங்களுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு தேவை. பன்னிரண்டாம் வகுப்பில் தம் தேர்வு வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்கு மேற்படாதவருக்கு இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் ஒன்றிய உதவித்தொகை இதன் வழியே வருகிறது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 82,000 புதிய இடங்கள் உள்ள இத்திட்டத்தைத் தமிழ்நாட்டு மாணவர் இன்னும் அதிகமாக நாட வேண்டும். இந்த இணையதளத்தில் மாணவர் ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்துவதோடு வேலை முடிவதில்லை. முதலில் கல்லூரியின் பொறுப்பு அலுவலரும், அடுத்து மாவட்ட அல்லது மாநில அலுவலரும் சரிபார்க்க வேண்டும். ஏதேனும் குறை கண்டால் விண்ணப்பம் திருத்தத்துக்காக மாணவரின் பக்கத்துக்கே திரும்பிவிடும், அதற்கும் கடைசி நாள் உண்டு. விண்ணப்பித்துவிட்டு மறந்துபோனவரின் விண்ணப்பம் அங்கேயே காலாவதியாகிறது. ஆகவே வாரத்துக்கு ஒரு முறை நிலையைப் பார்ப்பதும், திரைப்படியை நாளோடு சேமித்து வைப்பதும், கல்லூரியில் நகல் கொடுக்கும்போது முத்திரையுடன் ஒப்புகை வாங்குவதும் தேவை. அடுத்த ஆண்டுகளில் புதுப்பித்தல் தானாக நடக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இத்தகைய தடைகளைத் தாண்டிய பிறகும் சேர்க்கை நாளன்று கட்டணம் கேட்கப்பட்டால், பட்டியல் சாதி மாணவருக்கு ஒரு கருவி இருக்கிறது. ஃப்ரீஷிப் அட்டை என வழங்கப்படுவது, உதவித்தொகைக்குத் தகுதியுள்ளவர் என்பதை முன்கூட்டியே உறுதிசெய்து, கல்வி, விடுதிக் கட்டணங்களை முன்பணமாகச் செலுத்தாமல் சேர்க்கை பெற உதவும் ஆவணம். மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையின் வழிகாட்டு நெறிமுறைகளே இதற்கு இடமளிக்கின்றன. ‘அரசு எங்களுக்குத் தரவில்லை’ என்ற கல்லூரியின் குறை உண்மையாகவே இருக்கலாம், சிறிய நிறுவனங்களுக்கு அது கடுமையான நெருக்கடியும்தான். எனினும் அதற்காக மாணவரின் அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கவோ, தேர்வுக்கூடச் சீட்டை மறுக்கவோ, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையும் ஏடிஎம் அட்டையையும் வாங்கிவைக்கவோ நிறுவனத்துக்கு உரிமை பிறப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கை, அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் மாணவரிடமே திருப்பித் தர வேண்டும் எனக் கூறுகிறது. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அன்று என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் வலியுறுத்தியுள்ளது.

குறை தீர்க்கும் வழிகளில் முதலாவது கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. 2023 ஏப்ரலில் வெளியான பல்கலைக்கழக மானியக் குழுவின் மாணவர் குறைதீர் ஒழுங்குமுறைகள், ஒவ்வொரு நிறுவனமும் மாணவர் குறைதீர் குழு அமைக்க வேண்டும் என்றும், அக்குழு 15 பணிநாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்றும் விதிக்கின்றன. ஆவணங்களைத் திருப்பித் தர மறுப்பதும், உதவித்தொகை வழங்குவதில் தாமதமும் இவ்விதிகளில் குறை என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே வருகின்றன. குழுவின் முடிவு நிறைவளிக்காதபோது 15 நாள்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாள்களில் முடிவு காண வேண்டும். தாமதம் அரசின் பக்கம் இருக்குமானால் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலர், அல்லது மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலர் அணுகப்பட வேண்டியவர். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் பதியும் மனுவுக்குத் தனி எண் கிடைப்பதால் அதனைத் தொடர்ந்து கேட்க முடியும்.

ஆயினும் வாய்மொழிப் பதில்களால் களைத்துப்போகும் மாணவருக்கு மிகக் கூர்மையான கருவி, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் அளிக்கப்படும் ஒரு மனுவில், ‘உதவித்தொகை ஏன் வரவில்லை’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். அதற்கு மாறாக, இன்ன விண்ணப்ப எண்ணுக்குரிய கோப்பு கல்லூரியிலிருந்து எந்த நாளில் பெறப்பட்டது, எந்த நாளில் ஒப்பளிக்கப்பட்டது, எந்த வங்கிக்குத் தொகை அனுப்பப்பட்டது, திரும்பியிருந்தால் அதற்குப் பதிவான காரணம் என்ன என்று நாளையும் ஆவணத்தையும் குறித்துக் கேட்டால், 30 நாள்களில் பதில் தர வேண்டிய கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு உண்டு. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். பல வேளைகளில் இந்த மனு போய்ச் சேர்ந்ததுமே தேங்கிய கோப்பு நகரத் தொடங்கும். நீதிமன்றத்தை நாட வேண்டிய நிலை வந்தாலும் செலவை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றியே இலவசச் சட்ட உதவி தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இதற்கான அலுவலகம் இருக்கிறது.

காத்திருப்பவரின் பதற்றத்தை மோசடிக்காரர்களும் அறிவார்கள். உதவித்தொகைப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி, மாணவரின் பெயர், படிப்பு, கல்லூரி ஆகியவற்றைச் சரியாகவே குறிப்பிட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி அதனை ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்பார்கள். குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடுவது பணம் அனுப்புவதற்கே, பெறுவதற்கு அன்று. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் தெரிவித்தால் தொகையை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். உதவித்தொகைக் கணக்கைச் சில ஆயிரம் ரூபாய்க்கு ‘வாடகைக்கு’ கேட்போரும் உண்டு. அக்கணக்கின் வழியே திருட்டுப் பணம் போகும்போது வழக்கில் சிக்குவது கணக்கின் உரிமையாளரான மாணவரே, கணக்கு முடக்கப்பட்டால் அவருடைய உதவித்தொகையும் அதனோடு நின்றுவிடும்.

இறுதியாண்டு மாணவர் ஒரு செய்தியைத் தனியே கவனிக்க வேண்டும். கடைசி ஆண்டின் தொகை, அல்லது அதன் ஒன்றிய அரசுப் பங்கு, படிப்பு முடிந்து மாதங்கள் கழித்தே வரக்கூடும். அதற்குள் வேலைக்காக வேறு ஊருக்குப் போய், சம்பளத்துக்கென நிறுவனம் சொன்ன வங்கியில் புதுக் கணக்கு தொடங்கி, ஆதாரை அங்கே இணைத்து, பழைய கைப்பேசி எண்ணையும் கைவிட்டவருக்கு அந்தத் தொகை வந்ததும் திரும்பியதும் தெரியாமலே போகும். கல்லூரியின் ஏட்டில் மட்டும் அவர் பெயருக்கு எதிரே பாக்கி நிற்கும். ஆகவே மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே எந்த ஆண்டின் எந்தப் பங்கு இன்னும் வர வேண்டியுள்ளது என்பதைக் கல்லூரி அலுவலகத்திடம் எழுத்தில் பெற்று, அது வந்து சேரும் வரை பழைய கணக்கையும் பழைய எண்ணையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.